கூட்டம் கிளம்பிய பிறகும் தங்குங்கள்: மேற்கு ஸ்லோவேனியாவுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

ப்ளெட் ஏரியை நேரில் பார்க்காதவர்களும் படத்தில் பார்த்திருப்பார்கள். ஏரி நடுவே ஒரு சின்னத் தீவு, தீவின் மேல் கூர்ந்த மணிக்கோபுரத்துடன் ஒரு தேவாலயம், கரையோரச் செங்குத்துப் பாறையின் உச்சியில் ஒரு கோட்டை. ஸ்லோவேனியா என்று தேடினால் முதலில் வந்து நிற்கும் படம் அதுதான். ஜூலை மாதம் காலை பதினோரு மணிக்கு அந்தக் கரையில் படகுக்கு ஒரு வரிசை, கேக்குக்கு ஒரு வரிசை, படம் எடுக்க ஒரு வரிசை நிற்கும். அதே சாலையில், அதே பஸ்ஸில், இன்னும் 26 கிலோமீட்டர் உள்ளே போனால் போஹின் ஏரி வருகிறது. ப்ளெட்டைவிடப் பெரியது, ஆழமானது, மலைகள் நெருங்கி நிற்பது. ஒரு செப்டம்பர் மாலை ஆறரை மணிக்கு அதன் கரையில் உட்கார்ந்திருந்தபோது எனக்குக் கேட்டவை இரண்டே சத்தங்கள்: கூழாங்கற்களில் தண்ணீர் தட்டுவது, எங்கோ மேட்டில் மேயும் மாட்டின் கழுத்து மணி.

அந்த 26 கிலோமீட்டரைத் தாண்டுவது எப்படி என்பதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்லப்போகிறேன். ஐரோப்பாவுக்கு இதுவரை போகாதவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதலில், இடத்தைத் தேர்ந்தெடுக்கும் முறை

கூட்டத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. பெரிய நகரத்திலிருந்தோ கப்பல் துறையிலிருந்தோ காலையில் கிளம்பி இரவுக்குள் திரும்பக்கூடிய தூரத்தில், ஒரே படத்தில் அடங்கிவிடும் அழகு எங்கே இருக்கிறதோ, அங்கேதான் சுற்றுலா பஸ்கள் வந்து நிற்கும். பத்து மணிக்கு வருவார்கள், ஐந்து மணிக்குப் போய்விடுவார்கள். எனவே அந்த ஒருநாள் வட்டத்துக்குச் சற்று வெளியே இருக்கும் ஊரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அங்கே குறைந்தது இரண்டு இரவாவது தங்க வேண்டும். இரண்டில் எதையாவது விடத்தான் வேண்டுமென்றால் முதலாவதை விடுங்கள், இரண்டாவதை விடாதீர்கள். புகழ்பெற்ற ஊரிலேயே தங்கினாலும் மாலையும் விடியற்காலையும் உங்களுக்குக் கிடைத்துவிடும்.

வரைபடத்தில் புகழ்பெற்ற இடத்தைக் குறித்துக்கொண்டு, அதைத் தாண்டிச் செல்லும் சாலையையும் ரயில் பாதையையும் விரலால் தொடர்ந்து போய்ப் பாருங்கள். அந்த வழியில் உள்ளூர்க்காரர்கள் பயன்படுத்தும் பஸ் ஓடுகிறதா, மூன்று நாள் தங்கினாலும் செய்வதற்கு ஏதாவது இருக்கிறதா என்று விசாரியுங்கள். இரண்டுக்கும் ஆம் என்றால் அந்த ஊர் போதும். ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட்டில் நெரிசல் என்றால் அதே ஏரிக்கரையில் ஓபர்ட்ரவுன் இருக்கிறது. போர்ச்சுகலில் எல்லோரும் லிஸ்பனுக்கும் சின்ட்ராவுக்கும் போகும்போது தெற்கே அலென்டேஜோ பகுதியில் மேர்டோலா என்ற ஆற்றங்கரை ஊர் அமைதியாக இருக்கிறது.

புதியவர்களுக்கு நான் மேற்கு ஸ்லோவேனியாவையே சொல்வேன். நாட்டின் பரப்பு 20,271 சதுர கிலோமீட்டர், மக்கள் தொகை ஏறத்தாழ 21 லட்சம், நிலத்தில் பாதிக்குமேல் காடு. 2007 முதல் யூரோ. அதே ஆண்டு முதல் ஷெங்கன், அதாவது ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டு. ஏரி, பனிமலை, பச்சை நிற ஆறு, பாதாளக் குகை, 500 ஆண்டு ஓடிய பாதரசச் சுரங்கம் எல்லாம் சில மணி நேரப் பயணத்துக்குள் இருக்கின்றன. கார் ஓட்டத் தெரியாதவர்களும் சுற்றலாம். பஸ் நேரத்தை மட்டும் மதித்து நடக்க வேண்டும்.

எந்த மாதம்

மே மாதப் பிற்பாதி, ஜூன், செப்டம்பர். ஜூலையிலும் ஆகஸ்டிலும் போஹினும் அமைதியாக இருக்காது. நாட்டு மக்களே விடுமுறைக்கு அங்கேதான் போகிறார்கள். ஏப்ரலிலும் நவம்பரிலும் கேபிள் கார்கள் பராமரிப்புக்காகச் சில வாரங்கள் நிற்கும். சின்ன விடுதிகள் பல மூடியிருக்கும்.

இந்த மலைகள் கடலிலிருந்து வரும் ஈரக்காற்றை நேராக வாங்கிக்கொள்பவை. எந்த மாதம் போனாலும் மழை உண்டு. இலையுதிர் காலத்தில் இன்னும் பலமாகக் கொட்டும். குடை இங்கே உதவாது. தலைமூடி வைத்த நல்ல மழைச் சட்டையும் ஈரம் புகாத காலணியும் எடுத்துக்கொள்ளுங்கள். செப்டம்பர் நடுவில் போகிறவர்களுக்கு ஒரு பேறு காத்திருக்கிறது: கோடை முழுவதும் மலைமேல் மேய்ந்த மாடுகளை மணி கட்டிக் கீழே ஓட்டிவருவதை போஹினில் ஊர்த் திருவிழாவாகவே கொண்டாடுகிறார்கள்.

விசா

இந்தியக் கடவுச்சீட்டுக்கும் இலங்கைக் கடவுச்சீட்டுக்கும் ஷெங்கன் விசா வேண்டும். அதிக இரவுகள் எந்த நாட்டில் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். இரவுகள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டிடம். நீங்கள் வியன்னாவில் இறங்கி இரண்டு இரவும் ஸ்லோவேனியாவில் எட்டு இரவும் தங்கினால், அது ஸ்லோவேனிய விசா. எந்த நாட்டு விசா சுலபமாகக் கிடைக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டுத் திட்டத்தை வளைக்காதீர்கள். கேள்வி வந்தால் தடுமாறும்படி ஆகிவிடும்.

பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி எல்லை 15 நாள். முடிவு பொதுவாக 15 நாளில் வரும், கூடுதல் விசாரணை என்றால் 45 நாள்வரை போகலாம். எனவே மூன்று மாதம் முன்பே கொடுத்துவிடுவது நல்லது. பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் பகுதி முழுவதற்கும் செல்ல வேண்டும். கடவுச்சீட்டு கடந்த பத்து ஆண்டுக்குள் வழங்கப்பட்டதாகவும், நீங்கள் திரும்பும் நாளுக்குப் பிறகு மூன்று மாதமாவது செல்லுபடியாவதாகவும், இரண்டு பக்கம் காலியாக உள்ளதாகவும் இருக்க வேண்டும்.

பெரிய ஹோட்டல்களில் அறை எடுப்பவர்களுக்கு வராத ஒரு சிக்கல் நம் திட்டத்தில் வரும். நாம் தங்கப்போவது பண்ணை வீடுகளிலும் குடும்பம் நடத்தும் சின்ன விடுதிகளிலும். "வாருங்கள், அறை இருக்கிறது" என்று ஒரு வரி பதில் அனுப்புவார்கள். விசா அதிகாரிக்கு அது போதாது. உங்கள் முழுப்பெயர், கடவுச்சீட்டு எண், வரும் நாள், போகும் நாள், வீட்டு முகவரி எல்லாம் உள்ள உறுதிக் கடிதம் வேண்டும் என்று முதல் கடிதத்திலேயே பணிவாகக் கேளுங்கள். நான் எழுதிக் கேட்ட எல்லா வீட்டாரும் இரண்டு நாளுக்குள் அனுப்பிவைத்தார்கள்.

இந்தியாவில் வசிக்கும் இந்தியர்களுக்கு 2024 ஏப்ரலில் வந்த ஒரு சலுகையும் உண்டு. மூன்று ஆண்டுக்குள் இரண்டு விசா பெற்று ஒழுங்காகப் பயன்படுத்தியிருந்தால், அடுத்தது பலமுறை நுழையக்கூடிய இரண்டாண்டு விசாவாகக் கிடைக்க வழியிருக்கிறது. பழைய விசாக்களின் நகலை மறக்காமல் இணையுங்கள்.

போய்ச் சேருவது

இந்தியாவிலிருந்து ஸ்லோவேனியத் தலைநகர் லூப்லியானாவுக்கு நேரடி விமானம் இல்லை. பக்கத்து நாட்டு நகரங்களான வெனிஸ், ட்ரியஸ்ட், சாக்ரெப், வியன்னா ஆகியவற்றில் எது மலிவோ அங்கே இறங்கி ரயிலோ பஸ்ஸோ பிடிக்கலாம். தூரத்தில் ட்ரியஸ்ட்தான் பக்கம். இருந்தாலும் நேரம் இருக்கிறவர்களுக்கு நான் வியன்னாவிலிருந்து பகல் ரயிலைத்தான் சொல்வேன். ஏறத்தாழ ஆறு மணி நேரம். வழியில் செம்மரிங் கணவாயை ஏறுகிறது. 1854இல் முடிந்த அந்தக் கல் வளைவுப் பாலங்கள் ஜன்னலுக்கு வெளியே ஒன்றன்பின் ஒன்றாக வரும்போது டிக்கெட் காசு அங்கேயே திரும்பிவிட்டதாகத் தோன்றும்.

லூப்லியானாவில் ஒரு இரவு போதும். பயணக் களைப்பு தீரவும், கட்டடக் கலைஞர் யோஜே ப்ளெச்னிக் வடிவமைத்த ஆற்றங்கரையையும் சந்தையையும் பார்க்கவும் அது சரியாக இருக்கும். பாட்டில் தண்ணீர் வாங்காதீர்கள். குழாய்த் தண்ணீர் நன்றாகவே இருக்கும். குடிநீரைக் குடிமக்களின் உரிமையாக 2016இல் அரசியல் சட்டத்திலேயே எழுதிவைத்த நாடு இது. தெருவோரக் குழாய்களில் நிரப்பிக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை பற்றி ஓர் எச்சரிக்கை. 2020இல் வந்த சட்டப்படி பெரும்பாலான கடைகள் ஞாயிறும் விடுமுறை நாட்களிலும் மூடியிருக்கும். பெட்ரோல் நிலையக் கடைகள் போன்ற சில விலக்குகள்தான் உண்டு. மலைப்பகுதியில் பஸ்களும் அன்று குறைவு. இது தெரியாமல் நான் ஒரு ஞாயிறு பிற்பகல் போஹின் ஏரிக்கு அருகே இருக்கும் ஸ்டாரா ஃபுஜினா கிராமத்தில் போய் இறங்கினேன். பையில் இருந்தது அரைப் பொட்டலம் பிஸ்கட். சமையலறையோடு அறை எடுத்திருந்தேன், சமைக்க ஒன்றுமில்லை. வீட்டுக்கார அம்மாள் நான் கேட்காமலேயே நான்கு முட்டை, பாதி ரொட்டி, தன் தோட்டத்து ஆப்பிள் சாறு ஒரு புட்டி கொண்டுவந்து மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். எல்லா வீட்டிலும் இப்படி நடக்கும் என்று நம்பிப் போக முடியாது. கிராமத்துக்குப் போய்ச் சேரும் நாளை வாரநாளாக வைத்துக்கொள்ளுங்கள், அல்லது சனிக்கிழமையே வாங்கி வைத்துவிடுங்கள்.

போஹினில் மூன்று இரவு

லூப்லியானா பஸ் நிலையத்திலிருந்து போஹினுக்கு நேர் பஸ் இருக்கிறது. ஏறத்தாழ இரண்டு மணி நேரம். ப்ளெட்டில் பாதிப் பேர் இறங்கிவிடுவார்கள். நீங்கள் இறங்காதீர்கள்.

ஏரியை ஒட்டித் தங்க வேண்டுமென்றால் ரிப்சேவ் லாஸ். எனக்குப் பிடித்தது அதற்குச் சற்று வடக்கே இருக்கும் ஸ்டாரா ஃபுஜினா. ஏரிக்கு நடந்தே வரலாம், ஆனால் இது இன்னும் மாடும் வைக்கோலும் உள்ள விவசாயக் கிராமம். வாசலில் 'சோபே' என்று பலகை இருந்தால் அறை வாடகைக்கு உண்டு என்று பொருள். சுற்றுலாப் பண்ணை வீடுகளில் காலை உணவோடு அறை தருவார்கள். ரொட்டியும் பாலாடைக்கட்டியும் ஜாமும் பெரும்பாலும் அந்த வீட்டிலேயே செய்தவை. போனவுடன் கடவுச்சீட்டைக் கேட்பார்கள். பெயரைப் பதிவு செய்வது அங்கே சட்டம், கவலைப்பட வேண்டாம். சுற்றுலா வரி ஓர் இரவுக்கு ஒரு நபருக்கு என்று தனியாக வரும். சில வீடுகளில் அதை ரொக்கமாகக் கேட்பார்கள், சில்லறை வைத்திருங்கள். பஸ்ஸில் சலுகை தரும் விருந்தினர் அட்டை கிடைக்குமா என்றும் மறக்காமல் கேட்டுவிடுங்கள்.

முதல் நாள் ஏரியைச் சுற்றி நடங்கள். ஏறத்தாழ 12 கிலோமீட்டர், மெதுவாக நடந்தால் நான்கு மணி நேரம். வடகரையில் பாதை காட்டுக்குள் போகிறது. சாலை இல்லை, கார் சத்தம் இல்லை. கிளம்பும் இடத்தில் கல்பாலத்தின் அருகே புனித யோவான் தேவாலயம் நிற்கிறது. அதன் வெளிச்சுவரில், குழந்தை இயேசுவைத் தோளில் சுமக்கும் புனித கிறிஸ்டோபரின் பெரிய ஓவியம் இருக்கிறது. அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பினால் அன்றைய பொழுது ஆபத்தில்லாமல் கழியும் என்று இடைக்கால ஐரோப்பாவில் நம்பினார்கள். அதனால்தான் தெருவில் போகிறவர் கண்ணில் படும்படி வெளியே எழுதிவைத்தார்கள்.

இரண்டாம் நாள் மோஸ்ட்னிட்சா பள்ளத்தாக்கு. ஸ்டாரா ஃபுஜினாவிலிருந்தே நடக்கத் தொடங்கலாம். சின்ன நுழைவுக் கட்டணம் உண்டு. ஆறு சுண்ணாம்புப் பாறையை ஆழமாக அறுத்துக்கொண்டு ஓடுகிறது. சில இடங்களில் பிளவு ஒரு மனிதர் எட்டித் தாண்டிவிடலாம் என்று தோன்றும் அளவுக்குக் குறுகல், ஆனால் கீழே எட்டிப் பார்த்தால் அடிவயிறு கலங்கும் ஆழம். மேலும் நடந்தால் 'சின்ன யானை' என்று ஊர்க்காரர்கள் சொல்லும் பாறை வரும். தண்ணீர் குடைந்து குடைந்து பாறையில் ஒரு துளை விழுந்து, மீந்த பகுதி தும்பிக்கையை ஆற்றில் விட்டுத் தண்ணீர் குடிக்கும் யானையாகவே நிற்கிறது. இதைத் தவறவிட்டுப் போகிறவர்கள் நிறைய. பாதையின் ஓரத்தில் கீழே பார்த்தபடி நடங்கள். பள்ளத்தாக்கு முடிந்ததும் வோயே என்ற புல்வெளி திறந்துகொள்கிறது.

மூன்றாம் நாள் வானம் தெளிவாக இருந்தால் வோகல் மலைக்கு கேபிள் கார். 1,535 மீட்டர் உயரத்தில் இறங்கியதும் எதிரே 2,864 மீட்டர் த்ரிக்லாவ் சிகரம் தெரியும். பெயருக்குப் பொருள் 'முத்தலை'. நம் திரிசூலத்தில் இருக்கும் அதே 'திரி'தான். வானம் மூடியிருந்தால் மேலே போவது வீண், பணத்தைச் செலவழிக்காதீர்கள். அன்று 78 மீட்டர் உயரச் சாவிட்சா அருவிக்குப் போங்கள். மழைக்குப் பிறகு அது இன்னும் அழகு. ஐந்நூறுக்கு மேற்பட்ட படிகள் ஏற வேண்டும், முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் செய்ய மனமில்லையா? பக்கத்து ஊரான ஸ்டுடோருக்கு நடந்துபோய், வயல் ஓரமாக வரிசையாக நிற்கும் மரச் சட்டங்களைப் பாருங்கள். 'கோஸோலெட்ஸ்' என்று பெயர். மழை அதிகமுள்ள ஊரில் அறுத்த புல்லைத் தரையில் போட்டால் அழுகிவிடும் என்பதால், கொடியில் துணி காயப்போடுவதுபோலக் கிடைமட்டக் கட்டைகளில் புல்லைத் தொங்கவிட்டு, மேலே கூரையும் போட்டுவிடுகிறார்கள்.

மலையில் நடக்கிறவர்களுக்கு

இங்கே மலைப்பாதைக் குறி ஒன்றுதான்: சிவப்பு வளையத்துக்குள் வெள்ளைப் புள்ளி. பாறையிலும் மரத்திலும் வரைந்திருப்பார்கள். ஐந்து நிமிடம் நடந்தும் கண்ணில் படவில்லை என்றால் கடைசியாகப் பார்த்த குறிக்குத் திரும்பிவிடுங்கள். கோடைப் பிற்பகலில் இடி மின்னல் சட்டென்று வரும். உயரமான இடங்களை மதியத்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள். அவசர உதவிக்கு 112.

உண்ணியைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஐரோப்பாவில் உண்ணி மூலம் மூளைக்காய்ச்சலும் லைம் நோயும் அதிகம் பரவும் நாடுகளில் ஸ்லோவேனியாவும் ஒன்று. புல்லில் நடக்கும்போது முழுக்கால் சட்டை, காலுறைக்குள் சொருகியபடி. மாலையில் குளிக்கும்போது முழங்கால் மடிப்பு, அக்குள், இடுப்பு, காதின் பின்புறம் எல்லாம் பாருங்கள். குழந்தைகளுக்குத் தலைமுடிக்குள்ளும். ஒட்டியிருந்தால் நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுத்துவிட்டு, தேதியைக் குறித்துவையுங்கள். வாரக்கணக்கில் காட்டு வழிகளில் நடக்கப் போகிறவர்கள் மூளைக்காய்ச்சல் தடுப்பூசி பற்றி முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்கலாம். லைம் நோய்க்கு அந்த ஊசி உதவாது, எனவே உடம்பைச் சோதிப்பதை விடக்கூடாது.

போஹினைச் சூழ்ந்திருப்பது த்ரிக்லாவ் தேசியப் பூங்கா, நாட்டின் ஒரே தேசியப் பூங்கா. கண்ட இடத்தில் கூடாரம் அடிக்கவோ தீ மூட்டவோ கூடாது, அபராதம் விதிப்பார்கள்.

சாப்பாடு

சைவம் சாப்பிடுகிறவர்கள் பட்டினி கிடக்க வேண்டாம், ஆனால் கேட்காமல் சாப்பிடாதீர்கள். 'ஷ்ட்ருக்ளி' என்பது மாவை மெல்லியதாக விரித்து, உள்ளே பாலாடைக்கட்டியோ வால்நட் பருப்போ வைத்துச் சுருட்டி வேகவைப்பது. நம் கொழுக்கட்டையின் ருசிக்குப் பழகிய நாக்குக்கு உடனே பிடித்துவிடும். 'ஜ்கான்ட்ஸி' என்பது கோதுமையோடு உறவில்லாத பக்வீட் என்ற தானிய மாவைக் கிளறி உதிர்த்தது. பல இடங்களில் இதன்மேல் வறுத்த பன்றிக்கொழுப்புத் தூவித் தருவார்கள். காளான் சூப்பும் சில சமயம் இறைச்சிச் சாற்றில் செய்ததாக இருக்கும். 'பிரெஸ் மேசா' என்றால் இறைச்சி வேண்டாம் என்று பொருள். ஆர்டர் கொடுக்கும்போது அதைச் சொல்லிவிட்டு, கொழுப்பும் வேண்டாம் என்று தனியாகச் சொல்லுங்கள். கொழுப்பை அவர்கள் இறைச்சியாக எண்ணாமல் போகலாம். 'டோபர் டான்' என்பது வணக்கம், 'ஹ்வாலா' என்பது நன்றி. கடைக்குள் நுழைந்ததும் முதலில் வணக்கம் சொல்வது அங்கே மரியாதை.

மலைக்குள் ஒரு ரயில்

போஹினிலிருந்து அடுத்த இடமான சோச்சா ஆற்றுப் பள்ளத்தாக்குக்குக் காரில் போகிறவர்கள் பெரிய மலையைச் சுற்றிப் போக வேண்டும். ரயில் மலையைத் துளைத்துப் போகிறது. ஏரியிலிருந்து பஸ்ஸில் போஹின்ஸ்கா பிஸ்ட்ரிட்சா ரயில் நிலையத்துக்கு வந்து, நோவா கோரிட்சா பக்கம் போகும் ரயிலில் ஏறுங்கள். கிளம்பிய சில நிமிடங்களில் 6.3 கிலோமீட்டர் நீளமுள்ள சுரங்கப்பாதை வந்துவிடும். ஆஸ்திரியப் பேரரசு தன் உட்பகுதியை ட்ரியஸ்ட் துறைமுகத்தோடு இணைக்க 1906இல் திறந்த பாதை இது. ஒரு பக்கம் ஏறும்போது பார்த்த மேகம் வேறு, மறுபக்கம் பொட்பர்டோவில் வெளிவரும்போது இருக்கும் வெளிச்சம் வேறு. எனக்கு அங்கே மழையிலிருந்து வெயிலுக்கு வந்தது நினைவிருக்கிறது.

ஒரு நாளைக்குச் சில ரயில்களே ஓடுகின்றன. பராமரிப்பு வேலை நடக்கும் நாட்களில் ரயிலுக்குப் பதில் பஸ் விடுவார்கள். முந்தைய நாள் மாலை ரயில்வேயின் இணைய அட்டவணையைப் பார்த்துவிட்டு, வீட்டுக்காரரிடமும் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். மோஸ்ட் நா சோச்சியில் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸில் டோல்மின், பிறகு கோபரீட்.

சோச்சாக் கரையில் மூன்று இரவு

ஆற்றில் ரப்பர் படகு விடும் இளைஞர்கள் போவெட்ஸில் தங்குவார்கள். நீங்கள் கோபரீட்டில் தங்குங்கள். டோல்மினும் நல்ல ஊர்தான். கோடையில் இசை விழா நடக்கும் நாட்களில் மட்டும் அங்கே அறை கிடைக்காது.

சோச்சாவின் நிறத்தை எழுதிக் காட்டுவது கடினம். பச்சை மரகதக் கல்லைப் பாலில் கரைத்ததுபோல் என்றுதான் எனக்குச் சொல்லத் தோன்றுகிறது. அதே ஆறு இத்தாலிக்குள் நுழைந்ததும் இசோன்சோ என்று பெயர் மாறுகிறது. முதல் உலகப்போரில் 1915 முதல் 1917 வரை இதன் கரையிலும் மேலே உள்ள சிகரங்களிலும் இத்தாலியப் படையும் ஆஸ்திரிய-ஹங்கேரியப் படையும் பன்னிரண்டு முறை மோதின. பன்னிரண்டாவது மோதல் 1917 அக்டோபர் 24இல் தொடங்கியது. ஜெர்மானியப் படையும் சேர்ந்துகொள்ள, இத்தாலிய அணி கோபரீட்டில் உடைந்தது. ஊருக்குள் இருக்கும் அருங்காட்சியகம் 1993இல் ஐரோப்பிய கவுன்சிலின் அருங்காட்சியகப் பரிசு பெற்றது. எந்தப் பக்கம் வென்றது என்று பெருமை பேசாத இடம் அது. ஓர் அறை முழுக்கப் பனியில் உறைந்து செத்தவர்களுக்கு, இன்னோர் அறை முகம் சிதைந்து திரும்பியவர்களுக்கு. சிறு குழந்தைகளை அந்த இரண்டாவது அறைக்குள் கூட்டிப்போக வேண்டாம்.

பிறகு ஊரிலிருந்து தொடங்கும் ஐந்து கிலோமீட்டர் வரலாற்று நடைபாதையில் நடங்கள். குன்றின் மேலே 7,014 இத்தாலிய வீரர்களின் எலும்புகள் வைக்கப்பட்ட நினைவிடம், கீழே ஆற்றின் மேல் தொங்குபாலம், முடிவில் கோஸ்யாக் அருவி. அருவி 15 மீட்டர்தான், ஆனால் அது விழுவது கூரை பிளந்த குகை போன்ற ஒரு பாறை மண்டபத்துக்குள். மரப்பலகை நடைவழியில் திரும்பியதும் சட்டென்று கண்முன் வரும். காலை ஒன்பதுக்குள் போனால் தனியாக நிற்கலாம்.

ஒரு நாளை யாவோர்ட்சாவுக்கு வைத்துவிடுங்கள். டோல்மினுக்கு மேலே, மலை மடியில் ஒரு மரத் தேவாலயம். 1916இல், போர் நடந்துகொண்டிருந்தபோதே, ஆஸ்திரிய-ஹங்கேரிய வீரர்கள் இறந்த தோழர்களுக்காகக் கட்டியது. உள்ளே சுவர்ப் பலகைகளில் 2,564 பெயர்கள் சூட்டுக்கோலால் எழுதப்பட்டிருக்கின்றன. அந்தப் பலகைகள் வெடிமருந்துப் பெட்டிகளை உடைத்து எடுத்தவை. ஸ்லாவியப் பெயர், ஜெர்மன் பெயர், ஹங்கேரியப் பெயர் எல்லாம் ஒரே அளவு எழுத்தில் அடுத்தடுத்து இருக்கின்றன. அருகில் போய்ப் பார்த்தால் சில எழுத்துகளின் ஓரம் அதிகம் கருகியிருக்கிறது. எழுதியவரின் கை அந்த இடத்தில் ஒரு நொடி கூடுதலாக நின்றிருக்கிறது. நான் படிக்கத் தொடங்கி, இரண்டாவது பலகைக்குமேல் படிக்க முடியாமல் வெளியே வந்து புல்லில் உட்கார்ந்துகொண்டேன். தேவாலயம் வெப்பமான மாதங்களில் மட்டுமே திறந்திருக்கும். சாலை மிகக் குறுகல். டோல்மின் சுற்றுலாத் தகவல் அலுவலகத்தில் திறக்கும் நாளையும் போகும் வழியையும் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

இட்ரியா, ஒரு இரவு

கோபரீட், டோல்மின் வழியாக லூப்லியானா போகும் பஸ் இட்ரியாவில் நிற்கிறது. பெரும்பாலோர் இறங்குவதில்லை. 1490ஐ ஒட்டி, ஓடையில் மரத்தொட்டியை ஊறவைத்த ஒருவர் அதன் அடியில் மின்னும் திரவத்தைக் கண்டாராம் என்று ஊர்க்கதை. அங்கே தொடங்கிய பாதரசச் சுரங்கம் ஐந்து நூற்றாண்டு ஓடியது. ஸ்பெயினின் அல்மதேனுக்கு அடுத்து உலகிலேயே பெரியது. இரண்டும் சேர்ந்து 2012இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறின. 1500இல் வெட்டிய அந்தோனி சுரங்க வழியில் தலைக்கவசம் போட்டு உங்களை உள்ளே கூட்டிப்போவார்கள். நேரம் குறித்த சுற்றுகள்தான், முன்பதிவு செய்யுங்கள்.

ஆண்கள் சுரங்கத்தில் இறங்கிய ஊரில் பெண்கள் லேஸ் பின்னினார்கள். 1876இல் தொடங்கிய லேஸ் பள்ளி இன்றும் நடக்கிறது. உருளைத் தலையணைமேல் குண்டூசி குத்திய வரைபடம், அதிலிருந்து ஜோடி ஜோடியாகத் தொங்கும் சின்ன மரக்கட்டைகள், ஒவ்வொன்றிலும் நூல் சுற்றியிருக்கும். ஒரு கடையில் ஒரு மூதாட்டி பின்னிக்கொண்டிருந்தார். கட்டைகள் ஒன்றோடொன்று தட்டும் சத்தம் தாயக்கட்டை உருளுவதுபோல் இருந்தது. அவர் கண் என்மேல் இருந்தது, கை தன்பாட்டுக்கு வலமும் இடமும் மாற்றிக்கொண்டே இருந்தது. உள்ளங்கை அளவு லேஸ் வாங்கினேன். மலிவில்லை, அத்தனை மணி நேர வேலைக்கு அது நியாயமான விலை.

இந்த ஊரின் 'ஜ்லிக்ரோஃபி' என்ற கொழுக்கட்டை புகழ்பெற்றது. உள்ளே உருளைக்கிழங்குதான் என்று சொல்வார்கள். பன்றிக்கொழுப்பும் சேர்ப்பது மரபு. சைவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் மிச்சமிருந்தால்

இட்ரியாவிலிருந்து லூப்லியானா ஏறத்தாழ 60 கிலோமீட்டர். அங்கே பையை வைத்துவிட்டு, மறுநாள் ரயிலில் திவாச்சாவுக்குப் போய் ஷ்கோச்யான் குகைகளைப் பாருங்கள். குகை என்றதும் எல்லோரும் போஸ்தோய்னாவுக்குப் போகிறார்கள். உள்ளே குட்டி ரயில் ஓடும், கூட்டமும் அதற்கேற்ப. ஷ்கோச்யானில் நடந்துதான் போக வேண்டும். ரேகா என்ற ஆறு முழுசாக பூமிக்குள் புகுந்து, ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தள்ளி இத்தாலியில் வேறு பெயரில் வெளிவருகிறது. அந்த ஆற்றுக்கு 45 மீட்டர் உயரத்தில், குகைக்குள்ளேயே ஒரு பாலத்தைத் தாண்டுவீர்கள். கீழே இருட்டில் ஆறு இரைவது நெஞ்சுக்கூட்டில் அதிரும். சுற்றின்போது படம் எடுக்க அனுமதி இல்லை, அதனால் எல்லோரும் பார்க்கிறார்கள். உள்ளே 12 டிகிரிதான், கோடையிலும் ஸ்வெட்டர் வேண்டும். படிகள் நிறைய.

குகையிலிருந்து திவாச்சா ரயில் நிலையத்துக்கு மூன்று கிலோமீட்டருக்குக் குறையாது. காட்டுப்பாதையில் முக்கால் மணி நேரம். மாலை ரயிலின் நேரத்திலிருந்து அதைக் கழித்துக்கொண்டு எந்தச் சுற்றுக்கு டிக்கெட் எடுப்பது என்று முடிவு செய்யுங்கள்.